டிவியில் காமெடி ஓடியும் பாட்டா சிரிக்கவில்லையா? காதைப் பாருங்கள்

வயதானவர்களுக்குக் காது மந்தமாவதை வீட்டில் முதலில் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் நகைச்சுவைத் தொடர்தான். நாகர்கோவிலில் செவித்திறன் பரிசோதிக்கும் வேலையில் இருக்கிற எனக்கு இது நன்றாகத் தெரியும். செய்தியில் படமும் எழுத்தும் ஓடும், அழுகைத் தொடரில் முகத்தைப் பார்த்தே கதை விளங்கிவிடும், ஆனால் நகைச்சுவையில் கடைசிச் சொல் ஒன்று தவறினால் எல்லாம் போச்சு.

அதிலும் எழுத்திலிருந்து டிவிக்கு வந்த நகைச்சுவை என்றால் சிரிப்பு முழுக்க வசனத்தில்தான் இருக்கும். ‘தாரக் மேத்தா கா உல்டா சஷ்மா’ அப்படி வந்ததுதான். ‘சித்ரலேகா’ என்ற குஜராத்தி வார இதழில் தாரக் மேத்தா 1971-இல் தொடங்கிய பத்தி, 2008 ஜூலையில் இந்தித் தொடராகி 4,000 எபிசோடுகளையும் தாண்டிவிட்டது. மும்பையில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய நம் மாவட்டத்துக்காரர்கள் பலர் அதை விடாமல் பார்க்கிறார்கள்.

மார்த்தாண்டம் பக்கமிருந்து அப்படி ஒரு பெரியவரை மகள் கூட்டிவந்தார். ‘டிவி முன்னால சும்மா வெறிச்சுப் பாத்துட்டு இருக்காரு, மறதி நோயா இருக்குமோ’ என்று அவருக்குப் பயம். பெரியவரிடம் கேட்டால், ‘சத்தம் கேக்கு சாரே, என்ன சொல்லுகான்னுதான் பிடிபடல்ல’ என்றார். வாயை அட்டையால் மறைத்துக்கொண்டு ‘தடி’ என்றேன், ‘கடி’ என்றார். ‘பால்’ என்றதற்கு ‘கால்’. அதே மனிதர் வீட்டில் தேவனின் ‘துப்பறியும் சாம்பு’வை எடுத்தால் வாய்விட்டுச் சிரிப்பாராம். தூர்தர்ஷனில் தொடராகவும் வந்த கதை அது. படித்தால் சிரிப்பு வருகிறது, கேட்டால் வரவில்லை என்றால் முதல் சந்தேகம் காதின் மேல்தான் வரவேண்டும். மறதிக்கான பரிசோதனை தேவைப்பட்டால்கூடக் காதைச் சரிபார்த்துவிட்டுச் செய்வதே நியாயம், கேள்வியே காதில் விழாதவர் எப்படிச் சரியான பதில் சொல்வார்?

வயதாகும்போது முதலில் குறைவது கீச்சொலிகளைக் கேட்கும் திறன். ஆ, ஓ போன்ற உயிரொலிகள் கேட்கும், ச, த, க, ப போன்றவை மங்கும். வால்யூமைக் கூட்டினால் பின்னணி இசையும் சிரிப்பொலியும் சேர்ந்து ஏறி, இருக்கிற வசனத்தையும் மூடிவிடும். அதனால் ரிமோட்டைப் பிடுங்கிச் சண்டை போடாதீர்கள், பாவம், அவர் வேண்டுமென்றா கூட்டுகிறார்? நாற்காலியை டிவிக்குப் பக்கத்தில் போடுங்கள், வசன எழுத்து வருகிற நிகழ்ச்சி என்றால் அதைப் போட்டுவிடுங்கள்.

அப்புறம் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள், ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியிலும் அந்தப் பிரிவு இருக்கிறது. சிலருக்கு வெறும் காதழுக்குதான் காரணம், எடுத்தால் தீர்ந்தது. ஒரு காது மட்டும் திடீரென்று கேட்காமல் போனால் ஒருநாளும் தள்ளிப்போடாதீர்கள், அது அவசரம்.

மருத்துவர் சொல்லிக் காது கேட்கும் கருவி மாட்டிய முதல் வாரத்திலேயே ‘இரைச்சலா இருக்கு’ என்று கழற்றி மேசைக்குள் போட்டுவிடுபவர்கள் நிறைய. மூளை பழகச் சில வாரங்கள் ஆகும். அதற்கு நான் சொல்லும் பயிற்சி, அவருக்குப் பிடித்த நகைச்சுவைக் கதையைப் பேரப்பிள்ளை சத்தமாக வாசிக்க, அவர் கையில் புத்தகத்தை வைத்து வரியோடு வரியாகக் கேட்க வேண்டும். கொஞ்சம் பழகியபின் புத்தகத்தை மூடிவிட்டுக் கேட்கலாம், அப்போது டிவியும் ஃபேனும் நின்றிருக்கட்டும்.