டர்போ வேகன் வாங்கப் போகிறீர்களா? எஞ்சின் ஆறியிருக்கும்போது போய்ப் பாருங்கள்

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் கார்ப் பட்டறை நடத்துகிறவனிடம் வெளிநாட்டு டர்போ வேகனைப் (கூரை பின்கதவு வரை நீளும் கார்) பற்றி யார் கேட்கப் போகிறார்கள் என்று நினைப்பீர்கள். கேட்கிறார்கள். உறுமி மேளம் வைத்திருக்கும் பிள்ளைகள் கேட்கிறார்கள், மேளமெல்லாம் பின்னால் ஏற வேண்டும் அவர்களுக்கு. தினமும் ஈப்போவுக்கு வேலைக்குப் போய்வருகிற கணவன் மனைவி கேட்கிறார்கள். எல்லார் கைப்பேசியிலும் ஏதோ ஒரு விளம்பரம் திறந்திருக்கும். சுபாரு லெகசி, லெவோர்க், வோல்வோ வி70, எப்போதாவது ஓர் ஆடி அவாண்ட். "அண்ணே, மைவி விலைக்கே வருதுண்ணே, பார்த்துச் சொல்லுங்களேன்."

மைவி நம் ஊர்ச் சின்னக் கார், அந்த விலைக்கு வேகன் என்றால் ஆசையில் தப்பில்லை. நம் ஊர்ப் பக்கம் வேகனுக்கு ஒரு காலம் இருந்தது. நிசான் சன்னி 130ஒய் வேகனில் காய்கறியும் போகும், கல்யாண வீட்டுக்குப் பத்துப் பேரும் போவார்கள் (போலீஸ் பார்க்காத வரைக்கும்). 2009இல் எக்சோரா, அல்சா என்ற ஏழு இருக்கை வண்டிகள் வந்தன, குடும்பங்கள் அந்தப் பக்கம் போய்விட்டன. இன்றைக்கு வேகன்தான் வேண்டும் என்றால் வெளிநாட்டு பிராண்டைத்தான் தேட வேண்டும், அதுவும் பெரும்பாலும் டர்போ. ஓட்டிப் பார்த்தால் மனம் மயங்கத்தான் செய்யும். வளைவில் சாயாது, லோரியை முந்தும்போது தயங்காது, பின்சீட்டை மடக்கினால் துணி துவைக்கும் இயந்திரம் பெட்டியோடு உள்ளே போகும்.

ஆனால் மைவி விலைக்கு வந்திருப்பது வண்டி மட்டும்தான். புதிதாக இருந்தபோது இரண்டு லட்சம் வெள்ளியை (ரிங்கிட்) தொட்ட வண்டிக்கு உதிரிப்பாகம் இன்றும் அந்த இரண்டு லட்சம் வெள்ளி வண்டியின் விலையில்தான் விற்கிறது. யானை வாங்கியவன் அங்குசத்துக்குக் கணக்குப் பார்க்க முடியாது. அதனால் வண்டிக்கு எவ்வளவு கேட்கிறார்கள் என்பதை நான் கடைசியில்தான் விசாரிப்பேன். முதலில் கேட்பது எஞ்சின் ஆயிலைப் பற்றி. கடைசியாக எப்போது மாற்றினார்கள், என்ன ஆயில், ரசீது இருக்கிறதா?

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், டர்போவின் ஆயுள் அந்த ஆயிலில் இருக்கிறது. எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான புகை ஒரு சிறிய சக்கரத்தைச் சுற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றையும் தாண்டிச் சுழலும் அந்தத் தண்டைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம் ஒன்றுதான். மேடு ஏறி வந்த வண்டியை நிறுத்திய கையோடு சாவியைத் திருப்பி அணைத்தால் ஆயில் ஓட்டம் நின்றுபோகும், சூடு மட்டும் அங்கேயே இருக்கும். உள்ளே தேங்கிய ஆயில் கருகிக் கரியாகப் படியும். இப்படியே வருடக்கணக்கில் நடந்தால் டர்போவுக்கு ஆயில் கொண்டுபோகும் மெல்லிய குழாய் அடைத்துக்கொள்ளும். தண்டு ஆட்டம் காணும், சக்கரம் உறையில் உரசும், ஆயில் காற்றுக் குழாய்க்குள் கசியும். அப்புறம்தான் நீலப் புகை.

விற்பவர் "டர்போ புதுசா மாத்தியாச்சு" என்று பெருமையாகச் சொன்னால் எனக்குச் சந்தேகம் கூடும். பழையது ஏன் போனது? ஆயில் குழாயை மாற்றினார்களா, ஆயில் தொட்டியைக் கழற்றிக் கழுவினார்களா, அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குள் தேங்கியிருந்த ஆயிலையும் உடைந்த சக்கரத் துணுக்குகளையும் எடுத்தார்களா? பழைய வெளிநாட்டு வண்டிகளை வெட்டிப் பாகம் விற்கும் ஹாஃப்கட் கடையிலிருந்து ஒரு டர்போவை வாங்கி வந்து, மற்றதை அப்படியே விட்டுவிட்டு அதை மட்டும் மாட்டினால், பழையதைக் கொன்ற காரணம் புதியதையும் கொன்றுவிடும். மாற்றிய வேலைக்கு முழு ரசீது காட்டினால் சந்தோஷம். வெறும் வாய்ச்சொல் என்றால், அந்த டர்போவுக்கும் சேர்த்து விலையைக் குறைத்துப் பேசுங்கள்.

நம் ஊருக்கென்று இரண்டு சங்கடங்கள் உண்டு. ஒன்று குறுகிய ஓட்டம். வீட்டிலிருந்து தமிழ்ப்பள்ளி, அங்கிருந்து சந்தை, சந்தையிலிருந்து வீடு. ஆயில் சரியாகச் சூடேறுவதற்குள் ஓட்டம் முடிந்துவிடும், எரியாத பெட்ரோலும் ஈரமும் ஆயிலில் கலந்து தங்கும். கையேட்டில் 10,000 கிலோமீட்டர் என்று போட்டிருந்தாலும் இப்படி ஓடும் டர்போ வண்டிக்கு நான் 5,000த்தில் ஆயில் மாற்றச் சொல்வேன். இன்னொன்று செம்மண். எல்ஃபில் பக்கமோ வேறு தோட்டத்துக்கோ வறண்ட நாளில் செம்பனை லோரிக்குப் பின்னால் போய்ப் பாருங்கள். காற்று வடிகட்டிக்கும் டர்போவுக்கும் இடையிலுள்ள ரப்பர் குழாயில் விரிசல் இருந்தால் அந்தத் தூசி நேராகச் சக்கரத்தில் போய் அடிக்கும். குழாயைக் கழற்றி விரலை உள்ளே விட்டுத் துடைத்தால் சிவப்பாக ஒட்டுகிறதா என்று தெரிந்துவிடும். ஒரு நிமிட வேலை.

சரி, வண்டியைப் பார்க்கப் போவோம். போவதற்கு முன்பே விற்பவரிடம் சொல்லிவிடுங்கள்: நான் வரும்வரை எஞ்சினைத் தொடாதீர்கள். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் அவர் எதையோ மறைக்கச் சூடேற்றியிருக்கலாம், அல்லது காலையில் மனைவியைச் சந்தைக்குக் கொண்டுபோய் விட்டிருக்கலாம். எதுவானாலும் இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிடுங்கள். ஆறிய எஞ்சின் பொய் சொல்லாது. முதல் ஸ்டார்ட்டில் வரும் புகையின் நிறம், எஞ்சினுக்குள் ஓடும் டைமிங் சங்கிலியின் சலசலப்பு, தண்ணீர் பம்பின் முனகல் எல்லாம் அந்த முதல் ஒரு நிமிடத்தில்தான் வெளியே வரும். ஸ்டார்ட் செய்யும் முன்பே எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் தொட்டியையும் திறந்து பாருங்கள். வெறும் குழாய்த் தண்ணீர் இருந்தால், அந்த வண்டியை எப்படிக் கவனித்தார்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

ஓட்டிப் பார்க்க நான் கூட்டிப்போகும் வழி ஒன்று உண்டு. முதலில் ஏர்கோன் போட்டு டவுனுக்குள் நின்று நின்று போக வேண்டும். வெப்பமானி ஏறுகிறதா, கியர் மாறும்போது உதறுகிறதா என்று அங்கே தெரியும். பிறகு பழைய சாலையில் செமோர் வழியாக ஈப்போ, அங்கே நெடுஞ்சாலையில் ஏறி மெனோரா சுரங்கத்தை நோக்கி மேடு. அந்த ஏற்றத்தில் பாதி வேகத்திலிருந்து முழுசாக மிதியுங்கள். ஆம்புலன்ஸ் சைரன் போன்ற ஊளை, எங்கிருந்தோ சீறும் காற்று, திடீரென்று வேகம் அடங்கி மீட்டரில் மஞ்சள் எஞ்சின் விளக்கு எரிவது, இதில் எது வந்தாலும் விலை பேசும் முன் காரணம் தெரிய வேண்டும். கோலகங்சாரில் இறங்கி ஊர் திரும்பியதும் எஞ்சினை அணைக்காமல் இரண்டு மூன்று நிமிடம் சும்மா ஓடவிட்டு, பிறகு ஒரு முறை முடுக்குங்கள். பின்னால் நீலப் புகை பொங்கினால் டர்போவின் சீல்மேல்தான் என் முதல் சந்தேகம் போகும்.

வண்டியின் கணினியைப் படிக்கும் ஸ்கேனர் போட்டால் பிழை எதுவும் இல்லை என்று காட்டும். அதை நம்பிக் கை குலுக்காதீர்கள். காலையில் பிழைகளை அழித்திருந்தால் மாலையில் எல்லாம் சுத்தமாகத்தான் தெரியும். வண்டி தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் பட்டியல் ஒன்று ஸ்கேனரில் இருக்கிறது, அதைத் திறக்கச் சொல்லுங்கள். பல சோதனைகள் 'இன்னும் முடியவில்லை' என்று நின்றால், அண்மையில் யாரோ நினைவகத்தை அழித்திருக்கிறார்கள் அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். பழைய ஜப்பானிய வண்டிகளில் சாதாரண ஸ்கேனர் எல்லாவற்றையும் படிக்காது என்பதும் நினைவிருக்கட்டும்.

வேகனுக்கே உரிய தொல்லைகளும் இருக்கின்றன. பின்கதவு திறந்து மூடும் இடத்தில் மடங்கி மடங்கி வயர்கள் அறுந்துபோகும். பின் வைப்பர், பூட்டு, எண் விளக்கு எல்லாம் வேலை செய்கிறதா பாருங்கள். ஸ்பேர் டயர் குழியைத் திறந்து தண்ணீர், சேறு, துரு தேடுங்கள். 2021 டிசம்பரில் ஷா ஆலம் ஸ்ரீ மூடா பக்கம் வெள்ளத்தில் மூழ்கிய கார்களைப் பார்த்த பிறகு, சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துச் சேற்றுக் கோடு தேடும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது. சில வோல்வோ வேகன்களில் சுமை ஏற்றினாலும் பின்பக்கம் தானாக மட்டம் பிடிக்கும் அப்சார்பர் இருக்கும், விலையும் அதிகம். காசு மிச்சம் பிடிக்கச் சாதாரண அப்சார்பரை மாட்டிவிட்டு ஸ்பிரிங்கை மட்டும் பழையபடி விட்டிருந்தால், மேளம் ஏற்றியதும் பின்பக்கம் அமுங்கிவிடும்.

சுபாரு போன்ற நான்கு சக்கர இழுவை வண்டியில் டயரைப் பாருங்கள். நான்கும் ஒரே பிராண்டு, ஒரே அளவு, ஏறக்குறைய ஒரே தேய்மானமாக இருக்க வேண்டும். முன்னால் புதுசு இரண்டு, பின்னால் மொட்டை இரண்டு என்றால் சுற்றளவு மாறுபடும், முன்னும் பின்னும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் பாகம் ஓயாமல் உராய்ந்து சூடாகும். டயரில் மிச்சம் பிடித்தவர் கியர்பாக்ஸில் செலவு செய்வார். இங்கே அந்தச் செலவு அடுத்த உரிமையாளரான உங்களுடையது.

இறக்குமதி வண்டியில் எந்த நாட்டிலிருந்து வந்தது என்பதும் முக்கியம். பிரிட்டனிலிருந்து வந்ததென்றால் மீட்டர் மைலில் இருக்கும். 60,000 என்று பார்த்து மகிழாதீர்கள், அது ஏறக்குறைய 97,000 கிலோமீட்டர். பனிக்காலத்தில் அங்கே சாலையில் உப்புத் தூவுவார்கள், அதனால் அடிப்பக்கத்தைத் தூக்கிப் பார்த்துத் துரு தேட வேண்டும். வண்டியின் பழைய பிரிட்டிஷ் எண் தெரிந்தால், அது மூன்று வயதைத் தாண்டி அங்கே சோதனைக்குப் போயிருக்கும் பட்சத்தில், அன்றைய மைல் கணக்கை அந்நாட்டு அரசின் இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். ஜப்பான் வண்டி என்றால் அங்கே ஏலத்தில் வண்டியின் நிலைக்கு மதிப்பெண் போட்ட ஏலத் தாளைக் கேளுங்கள். மதிப்பெண் இடத்தில் ஆர் என்ற எழுத்து இருந்தால் அடிபட்டுப் பழுதுபார்த்த வண்டி. அப்புறம் கிரான்டில் (வண்டியின் பதிவுப் பத்திரம்) தயாரித்த ஆண்டையும் பதிவு செய்த நாளையும் தனித்தனியாகப் படியுங்கள். 2019 பதிவு என்று விளம்பரம் சொல்லும், வண்டி 2015இல் பிறந்திருக்கும்.

ரோட் டேக்ஸில் பலர் சறுக்குகிறார்கள். வேகன் என்றாலும் சலூன், அதாவது சாதாரணக் கார் கணக்கில்தான் வரும். தீபகற்பத்தில் தனியார் வண்டிக்கு, 1,599 சிசி லெவோர்க் வருடத்துக்கு 90 வெள்ளி. 1,994 சிசி லெகசி டர்போ 377 வெள்ளி. 2,319 சிசி வோல்வோ 699 வெள்ளி. மூன்று லிட்டரை நெருங்கினால் இரண்டாயிரம் வெள்ளிக்குப் பக்கம் போகும். பெரிய எஞ்சின் வேகன் ஏன் அவ்வளவு மலிவு என்பதற்கு இதுவும் ஒரு காரணம். பெயர் மாற்றத்துக்கான புஸ்பாகோம் சோதனை சேஸிஸ் எண், எஞ்சின் எண், பிரேக், விளக்கு போன்றவற்றைப் பார்க்கும், டர்போவைக் கழற்றிப் பார்க்காது. அதில் தேறிவிட்டது என்பது எஞ்சின் நலமாக இருப்பதற்குச் சான்றல்ல. எஞ்சின் மாற்றிய வண்டி என்றால் எண் கிரான்டோடு ஒத்துப்போகிறதா என்று பணம் கொடுக்கும் முன் பாருங்கள். இன்சூரன்ஸில் வெள்ளத்துக்கும் கண்ணாடிக்கும் தனியாகச் சேர்க்க வேண்டும். வேகனின் பின் கண்ணாடி ஈப்போ கடையில் அடுக்கி வைத்திருக்கும் பொருளல்ல.

பெட்ரோல்? ஜப்பானில் உயர் ஆக்டேன் பெட்ரோலுக்கென்று செய்த இரண்டு லிட்டர் டர்போவுக்கு ரோன்97 (97 ஆக்டேன் பெட்ரோல்) ஊற்றுங்கள், மேட்டில் எஞ்சின் தட்டும் சத்தம் கேட்ட பிறகு யோசிக்காதீர்கள். 2025 செப்டம்பர் இறுதியில் அரசின் புடி95 மானியத் திட்டத்தில் ரோன்95 லிட்டர் 1 வெள்ளி 99 சென்னுக்கு வந்ததிலிருந்து 97க்கும் அதற்கும் உள்ள இடைவெளி பெரிதாகத் தெரிகிறது. தினமும் ஈப்போ போய்வருகிறவர் அதைக் கணக்கில் சேர்க்க வேண்டும். லெவோர்க் 1.6 ஜப்பானிலேயே சாதாரண பெட்ரோலில் ஓடும் வண்டி, அந்தக் கவலை இல்லை.

எதை வாங்கலாம் என்று கேட்டால் என் மனம் அந்த 1.6 பக்கம்தான் சாயும். ஒரே டர்போ, டைமிங் பெல்ட்டுக்குப் பதில் சங்கிலி, 90 வெள்ளி ரோட் டேக்ஸ். அதன் சிவிடி (படி இல்லாமல் தானாக மாறும்) கியர்பாக்ஸ் எண்ணெய் மாற்றிய ரசீது மட்டும் வேண்டும். 2003க்கு முந்திய இரட்டை டர்போ லெகசி ஓட்ட அருமை, ஞாயிற்றுக்கிழமைக்கு. நூல் நூலாக ஓடும் அதன் ரப்பர் குழாய்களில் எது வெடித்தது என்று தேடவே ஒரு நாள் போகும். வேலைக்குப் போக வேறு வாகனம் இல்லாதவர் அதைத் தொட வேண்டாம். வாங்கும் விலையில் ஐந்தில் ஒரு பங்காவது கையில் மிச்சம் இல்லையென்றால், மன்னிக்கவும், மைவியையே வாங்குங்கள்.

வாங்கிவிட்டீர்கள் என்றால் முதல் வாரத்திலேயே பட்டறைக்குக் கொண்டுவாருங்கள். விற்றவர் மாற்றியதாகச் சொன்னாலும் எஞ்சின் ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில் எல்லாம் புதிதாக ஊற்ற வேண்டும். பழைய லெகசியோ வோல்வோவோ என்றால், பெல்ட்டுக்கு ரசீது இல்லாத பட்சத்தில் பெல்ட்டும் தண்ணீர் பம்பும் சேர்த்து. அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சினே போய்விடும். கழற்றிய ஆயில் வடிகட்டியை எறியச் சொல்லாதீர்கள். உங்கள் கண்முன்னே வெட்டிப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். தாள் மடிப்புகளில் செம்பு நிறத்தில் மினுமினுப்பு இருந்தால் அந்த வண்டியை வீட்டுக்கு ஓட்டிப் போக வேண்டாம், பட்டறையிலேயே விட்டுவிட்டு யாரையாவது வந்து கூட்டிப்போகச் சொல்லுங்கள்.