இழைமணியை ‘ஆற்றல் நிலையம்’ என்று எழுதாதீர்கள்

செல்லுக்குள் உணவிலிருந்து ஆற்றலை எடுக்கும் நுண்ணுறுப்பான இழைமணி, அதாவது மைட்டோகாண்ட்ரியா, என்று வரும் இடத்திலெல்லாம் ‘செல்லின் ஆற்றல் நிலையம்’ என்று போட்டுவிடும் பழக்கம் புற்றுநோய்க் கட்டுரைகளையும் தொற்றிவிட்டது. 1957இல் அமெரிக்க உயிரணு ஆய்வாளர் பிலிப் சீகெவிட்ஸ் ஒரு கட்டுரைக்குத் தலைப்பாக வைத்த உருவகம் அது, பெயரே அல்ல.

பெயரை வைத்தவர் ஜெர்மானியர் கார்ல் பெண்டா, 1898இல். கிரேக்கத்தில் மைட்டோஸ் என்றால் இழை, காண்ட்ரியான் என்றால் சிறுமணி. இலங்கைப் பாடநூல்களில் உள்ள ‘இழைமணி’ அதற்கு நேர்ச்சொல். ‘மைட்டோகாண்ட்ரியாக்கள்’ என்று பன்மைக்கு மேல் பன்மை போடும் சங்கடமும் அதற்கு இல்லை.

உருவகம் செய்யும் கேட்டைப் பாருங்கள். புற்றுச் செல்கள் ஆக்சிஜன் இருந்தும் குளுக்கோஸை லாக்டிக் அமிலமாக்குவதை 1920களில் ஜெர்மானிய உயிர்வேதியியலாளர் ஒட்டோ வார்பர்க் கண்டார். செல்லின் சுவாசம், அதாவது ஆக்சிஜனைக் கொண்டு இழைமணி ஆற்றல் எடுக்கும் வேலை, பழுதானதே காரணம் என்று கருதினார். பல கட்டிகளில் இழைமணி நன்றாகவே இயங்குகிறது என்பது பின்னர் தெளிவானது. செல் பெருகத் தேவையான கொழுப்புக்கும் டிஎன்ஏவுக்கும் மூலப்பொருள் அங்கிருந்தும் போகிறது. ‘நிலையம்’ என்றே படித்தவரோ, நிலையம் பழுது, சர்க்கரையை நிறுத்தினால் கட்டி பட்டினி கிடக்கும் என்று கணக்குப் போடுகிறார். சாப்பாட்டில் நிறுத்தினாலும் கல்லீரல் குளுக்கோஸ் செய்து இரத்தத்தில் விடும். நோயாளியின் எடைதான் குறையும்.

மருந்தை விளக்கும்போது தவறு இன்னும் பெரிதாகிறது. சிலவகை இரத்தப் புற்றுக்குத் தரும் வெனிட்டோகிளாக்ஸை ‘ஆற்றலைத் துண்டிக்கும் மருந்து’ என்று எழுதினால் அடிப்படையே பிழை. இழைமணியின் வெளிச்சவ்வில் இருக்கும் பிசிஎல்-2 புரதம், செல்லைச் சாகவைக்கும் புரதங்களைப் பிடித்து வைத்திருக்கிறது. மருந்து அந்தப் பிடியைத் தளர்த்துகிறது. சவ்வில் துளை விழுகிறது. சைட்டோகுரோம் சி என்ற புரதம் வெளியே கசிகிறது. காஸ்பேஸ் நொதிகள் கிளம்பிச் செல்லை உள்ளிருந்தே வெட்டுகின்றன. உள்ளே எலக்ட்ரான் கடத்திய அதே சைட்டோகுரோம் சி, வெளியே வந்தால் செல்லுக்குச் சாவோலை. இதை ‘நிலையம்’ என்ற சொல் எப்படித் தாங்கும்?

நாட்பட்ட லிம்ஃபோசைட் புற்றில் (வெள்ளணுக்களில் வரும் ஓர் இரத்தப் புற்று) வெனிட்டோகிளாக்ஸை முதல் வாரம் தினம் 20 மில்லிகிராம், பிறகு வாரந்தோறும் 50, 100, 200, ஐந்தாம் வாரம் 400 என்று ஏற்றுவதும் இதனால்தான். ஒரேயடியாகக் கொடுத்தால், மடிந்த செல்களிலிருந்து பொட்டாசியம், பாஸ்பேட், யூரிக் அமிலம் இரத்தத்தில் கொட்டிச் சிறுநீரகம் பழுதாகலாம், இதயத் துடிப்பு தடுமாறலாம். நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்வதன் காரணம், ஆற்றல் குறைந்து களைப்பு வரும் என்று மட்டும் நினைத்திருப்பவருக்குப் புரியாது.

மொழிபெயர்ப்பவர்கள் முதல்முறை ‘இழைமணி எனப்படும் மைட்டோகாண்ட்ரியா’ என்று எழுதட்டும், பிறகு இழைமணி போதும். இழைமணிச் சவ்வு, இழைமணி மரபணு என்று தடையின்றி ஒட்டும். ‘ஆற்றல் நிலையச் சவ்வு’ என்று யாராவது எழுதிப் பார்க்கட்டும்.