ஏர் சஸ்பென்ஷனை கழட்டிட்டு காயில் ஸ்ப்ரிங் போடப் போறீங்களா? முதல்ல எது போச்சுன்னு பாருங்க

செகண்ட் ஹேண்ட்ல ஜெர்மன் செடானோ பெரிய எஸ்யூவியோ வாங்கினவங்க எங்க ஒர்க்‌ஷாப்புக்கு வந்து அடிக்கடி சொல்றது ஒரே கதைதான். ராத்திரி நல்லா நிறுத்தின வண்டி காலைல ஒரு பக்கமா உட்கார்ந்திருக்கு, ஷோரூம்ல கேட்டா ஒரு ஸ்ட்ரட்டுக்கே (ஒரு சக்கரத்தோட ஏர் ஸ்ப்ரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேந்த செட்) லட்சத்துக்கு மேல சொல்றாங்க, நாலும் மாத்துங்கன்னு வேற சொல்றாங்க, தெரிஞ்சவர் ஒருத்தர் சாதா ஸ்ப்ரிங் போட்டா தொல்லையே இருக்காதுன்னாரு, நீங்க போட்டுத் தர்றீங்களா? சில வண்டிக்கு நான் தாராளமா போட்டுத் தர்றேன். சில வண்டிக்கு வேண்டாம்னு சொல்லி அனுப்பறேன். ஆனா எந்த வண்டியா இருந்தாலும் உண்மையிலேயே என்ன கெட்டுப்போச்சுன்னு பாக்காம ஸ்பேனரைத் தொடறதில்ல, ஏன்னா காத்து கசியாம அடைக்கற ஒரு சின்ன ரப்பர் ஓ ரிங்குக்காக முழு சஸ்பென்ஷனையும் கழட்டிப் போட்ட வண்டிங்களை பாத்துப் பாத்து மனசு கஷ்டமாயிடுச்சு.

உள்ள என்ன நடக்குதுன்னு முதல்ல சொல்லிடறேன். சாதா கார்ல இரும்பு காயில் தாங்கற எடையை இதுல பெல்லோன்னு சொல்ற மடிப்பு வச்ச ரப்பர் பைக்குள்ள இருக்கற காத்து தாங்குது. கம்ப்ரசர் காத்தை அழுத்தும், கூடவே இருக்கற டிரையர் ஈரத்தை உறிஞ்சும், வால்வு பிளாக் எந்த மூலைக்கு எவ்வளவு போகணும்னு பிரிச்சு அனுப்பும், சக்கரத்தைப் பிடிச்சிருக்கற ஆர்ம்ல மாட்டியிருக்கற லெவல் சென்சாருங்க வண்டி எவ்வளவு உயரத்துல நிக்குதுன்னு கம்ப்யூட்டருக்கு சொல்லிட்டே இருக்கும். ஆள் ஏறினா, லக்கேஜ் ஏத்தினா உள்ள பிரஷர் கூடும், பிரஷரோட சேந்து ஸ்ப்ரிங்கோட விறைப்பும் கூடும், அதனாலதான் காலி வண்டியும் நிறைஞ்ச வண்டியும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி ஓடுது, பின்பக்கம் தொங்கறதும் இல்ல. காயில்ல இந்த வசதி கிடையாது, அதோட விறைப்பு ஃபேக்டரியில முடிவானது, அதை ஞாபகம் வச்சுக்கங்க, பின்னாடி இதுக்கு வர்றேன்.

இனி எப்படி கெட்டுப்போகுதுன்னு. வண்டி ஏறி இறங்கும்போதெல்லாம் பெல்லோ ரப்பர் ஒரே இடத்துல மடங்கி மடங்கி விரியுது, நம்ம ஊர் வெயில், தூசி, ரோட்டுப் பொடி மணல் எல்லாம் அந்த மடிப்புல போய் உக்காருது, வயசாக வயசாக அங்க மயிரிழை மாதிரி வெடிப்பு விடுது. அந்த சின்ன லீக்கை ஈடுகட்ட கம்ப்ரசர் எப்பவும் ஓடறதைவிட அதிக நேரம் ஓடுது, சூடாகுது, பிஸ்டன் ரிங் தேயுது, பிரஷர் ஏற்ற முடியாம இன்னும் அதிக நேரம் ஓடுது. ஒரு கட்டத்துல ரிலே உள்ள ஒட்டிக்கிட்டா வண்டியை ஆஃப் பண்ணின பிறகும் ஓடி பேட்டரியை இறக்கிடும், இல்லைன்னா மோட்டார் எரியும். இதுக்கு நடுவுல டிரையர் உள்ள ஈரத்தை உறிஞ்சற சின்ன உருண்டைங்க ஊறிப்போய் வேலை செய்யாம, தண்ணி வால்வு பிளாக்குக்குள்ள போய் அங்க அரிப்பு ஆரம்பிக்கும். வெள்ளத்துல நின்ன வண்டின்னா கேக்கவே வேணாம், 2015 டிசம்பர்லயும் 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயலப்பவும் சென்னைல முங்கின கார்கள்ல எத்தனையோ வெளியூர்ல சுத்தமா பாலிஷ் போட்டு விக்க வந்துச்சு, அந்த மாதிரி வண்டி வாங்கறவங்க இன்ஜினைப் பாத்தா மட்டும் போதாது, கம்ப்ரசரையும் கழட்டிப் பாக்கச் சொல்லணும்.

இந்த சங்கிலியோட கடைசி கண்ணிதான் டேஷ்போர்டுல லைட்டா எரியுது. ஸ்கேனர் போட்டா கம்ப்ரசர் ஓவர்ஹீட்னோ, பிரஷர் ஏற ரொம்ப நேரம் ஆகுதுன்னோ வரும், அதைப் பாத்துட்டு கம்ப்ரசரை மட்டும் மாத்திட்டு அனுப்பிடறாங்க. லீக் அப்படியே இருக்கு. கொஞ்ச நாள்ல புது கம்ப்ரசரும் அதே வழியில போயிடும், அப்பதான் ஓனர் வெறுத்துப்போய் காயில் போடுங்கன்னு வந்து நிக்கறாரு. அவர் கோபம் நியாயமானது, ஆனா கெட்டது ஏர் சஸ்பென்ஷன் இல்ல, அதைப் பாத்த விதம்.

அதனால ஒர்க்‌ஷாப் போறதுக்கு முன்னாடி நீங்களே ஒண்ணு பண்ணுங்க. சமதளத்துல வண்டியை நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்துக்கும் நடு மையத்துல இருந்து மேல ஃபெண்டர் விளிம்பு வரைக்கும் டேப் வச்சு அளந்து எழுதி வைங்க, மறுநாள் காலைல ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி, கதவைக்கூட திறக்காம திரும்ப அளங்க, சில வண்டிங்க கதவு திறந்ததுமே லெவல் சரி பண்ண ஆரம்பிச்சிடும். ஒரே மூலை மட்டும் இறங்கியிருந்தா அந்த பெல்லோ, அந்த லைன், அந்த லைனுக்கான வால்வு, இந்த மூணுல ஒண்ணு. எதுவுமே இறங்கல ஆனா தூக்க சொன்னா தூக்க மாட்டேங்குதுன்னா கம்ப்ரசர் பக்கம் பாக்கணும், அதுலயும் ஃபியூஸ், ரிலே இருந்து ஆரம்பிக்கணும். வண்டி கோணலா நின்னு அப்படியே இறங்காம இருந்தா லெவல் சென்சாரோட லிங்க் துருப்பிடிச்சு ஒடிஞ்சிருக்கலாம், அது சின்ன செலவு. சோப்புத் தண்ணி அடிச்சு பாக்கறது பழைய முறைதான், ஆனா ஒரே உயரத்துல வச்சுப் பாத்துட்டு லீக் இல்லைன்னு சொல்றவங்களை நம்பாதீங்க, மடிப்புல இருக்கற வெடிப்பு சில உயரத்துல மூடிக்கும், சில உயரத்துல மட்டும்தான் திறக்கும், ஏத்தி இறக்கி எல்லா உயரத்துலயும் பாக்கணும், ஸ்ட்ரட் தலைல பைப் மாட்டற இடத்தையும் விடக்கூடாது.

இன்னொண்ணு, ரொம்ப முக்கியம். உட்கார்ந்த வண்டிக்கு அடியில கையோ தலையோ விடாதீங்க. ஏர் சஸ்பென்ஷன் வண்டி எந்த நேரத்துலயும் தானா இறங்கும், ஜாக்கி ஸ்டாண்டு போடாம, ஜாக் மோடு (தானா லெவல் சரி பண்றதை நிறுத்தி வைக்கற செட்டிங்) ஆன் பண்ணாம டயர் கழட்டறதுகூட ஆபத்து. அப்படியே ஓட்டிட்டு வர்றேன்னும் சொல்லாதீங்க, டயர் வீல் ஆர்ச்சுல உரசும், காத்தில்லாத பெல்லோ தப்பா மடிஞ்சு கிழியும், தப்பிச்சிருக்க வேண்டிய டேம்பரும் (ஷாக் அப்சார்பர்) சேந்து போகும். ஃபிளாட்பெட் வண்டில ஏத்தி அனுப்புங்க.

சரி, எல்லாம் பாத்தாச்சு, ரெண்டு மூணு பெல்லோ போச்சு, கம்ப்ரசரும் போச்சு, வண்டியோட இன்னிக்கு விலைக்கு அந்த செலவு கட்டுபடி ஆகாது. இப்ப காயில் பேச்சு எடுக்கலாம். இதை ஏதோ தப்பான வேலையா சொல்றவங்க இருக்காங்க, நான் அப்படி நினைக்கல. அமெரிக்காவுல 1957ல வந்த கேடிலாக் எல்டொராடோ புரோம்லயே ஏர் சஸ்பென்ஷன் இருந்துச்சு, லீக் தொல்லை தாங்காம நிறைய ஓனருங்க அப்பவே காயில் ஸ்ப்ரிங் மாத்திட்டாங்க. அதுக்கப்புறம் லிங்கன் டவுன் காருக்கு பின்பக்க ஏர் ஸ்ப்ரிங்கை எடுத்துட்டு காயில் போடற கிட் அங்க சர்வ சாதாரணமா விக்குது. அதனால கேள்வி போடலாமா வேண்டாமான்னு இல்ல, உங்க வண்டிக்கு ஏத்த மாதிரி முழுசா போட முடியுமான்னுதான்.

நான் முதல்ல பாக்கறது, அதே மாடலை கம்பெனியே இரும்பு ஸ்ப்ரிங்கோடவும் வித்திருக்கானான்னு. மெர்சிடிஸ் இ கிளாஸ் டபிள்யூ211, முதல் தலைமுறை ஆடி கியூ7, பின்பக்கம் மட்டும் ஏர் வர்ற பிஎம்டபிள்யூ எக்ஸ்5 இ70, இதெல்லாம் ரெண்டு விதமாவும் வந்த வண்டிங்க. இதுக்கு கம்பெனி ஸ்ப்ரிங், கம்பெனி டேம்பர், டாப் மவுண்ட், பம்ப் ஸ்டாப் எல்லாம் பார்ட் நம்பர் போட்டு வாங்கலாம், கன்ட்ரோல் யூனிட்டையும் இரும்பு ஸ்ப்ரிங் வண்டின்னு கோடிங் பண்ணிடலாம், வண்டிக்கு சந்தேகமே வராது. ஆனா எஸ் கிளாஸ் டபிள்யூ221, ரேஞ்ச் ரோவர் எல்322 மாதிரி வண்டிங்களுக்கு கம்பெனி காயில் செட்டப்பே கிடையாது, வெளி கிட்தான், அதுல தரமானதும் இருக்கு ஆனா அந்த வண்டி ஓடற விதம் மாறிடும்னு தெரிஞ்சே போடணும். எஸ் கிளாஸ்ல ஏபிசின்னு (ஆக்டிவ் பாடி கன்ட்ரோல்) ஒண்ணு வரும், அது காத்து இல்ல, ஹைட்ராலிக் ஆயில்ல ஓடறது, உள்ள ஏற்கனவே காயில் இருக்கு, அதுக்கு ஏர்மேட்டிக் (மெர்சிடிஸோட ஏர் சஸ்பென்ஷன்) வண்டிக்கான கிட்டை வாங்கி வச்சுட்டு முழிக்காதீங்க.

ஸ்ப்ரிங் மட்டும் மாத்தறது கன்வர்ஷன் ஆகாது, இதைத்தான் திரும்பத் திரும்ப சொல்றேன். பல வண்டில ஏர் ஸ்ட்ரட்டுக்குள்ளயே எலக்ட்ரானிக் டேம்பர் இருக்கும், ஸ்ட்ரட்டைக் கழட்டினா டேம்பர் கனெக்‌ஷனும் போகும், கம்ப்யூட்டர் கத்த ஆரம்பிக்கும். அப்ப சரியான வேலை கோடிங் பண்றது, இல்லைன்னா அந்த கிட்டுக்குன்னே வர்ற மாட்யூல் போடறது. மீட்டருக்குள்ள வார்னிங் லைட்டை பல்பு கழட்டி மறைக்கறது வேலையே இல்ல, நாளைக்கு பிரேக் சம்பந்தமா ஒரு வார்னிங் வந்தா உங்களுக்கு எப்படி தெரியும்? ஹெட்லைட்டும் இதுல மாட்டிக்கும். செனான் லைட் தானா மேல கீழ சரி பண்ணிக்கறதுக்கு பல வண்டில இதே லெவல் சென்சாரோட தகவல்தான் போகுது, சென்சாரைப் பிடுங்கி மூலைல போட்டுட்டா லைட் ஒரே நிலையில நின்னுடும், டிக்கி நிறைய சாமானோட ராத்திரி ஹைவேல எதிர்ல வர்ற பைக்காரர் கண்ணு கூசி என்ன ஆவாருன்னு யோசிச்சுப் பாருங்க.

முன்னாடி சொன்ன விறைப்புக்கு வர்றேன். டீசல் வி6க்கும் பெட்ரோல் வி8க்கும் முன்பக்க எடை வேற, அதே மாடல்தானேன்னு ஒரே ஸ்ப்ரிங் போடக்கூடாது. பின்பக்கம் இன்னும் கஷ்டம், ஒருத்தர் தனியா ஆபீஸ் போறதுக்கும் ஏழு பேர் ஏறி சாமானோட வேளாங்கண்ணி போறதுக்கும் ஒரே காயில் தாங்கணும், அதனால ஓனர் எப்படி ஓட்டறாருன்னு கேக்காம நான் ஸ்ப்ரிங் ஆர்டர் பண்றதில்ல. ஸ்பீட் பிரேக்கர்ல அடி தட்டுது, இன்னும் கொஞ்சம் உயரமா போடுங்கன்னு கேப்பாங்க, போட்டா டிரைவ் ஷாஃப்ட் கோணம் கூடி ஜாயின்ட் சீக்கிரம் போகும், ஹைவேல தானா தாழ்ந்து ஓடின வண்டி இப்ப எப்பவுமே உயரத்துல ஓடும், திருப்பத்துல சாயறது கூடும். கம்பெனி சொன்ன நார்மல் உயரத்துக்கு மேல நான் போக மாட்டேன்.

செலவு கம்மியாகணும்னு புதுப்பேட்டைல கிடைச்ச ஏதோ ஒரு வண்டியோட ஸ்ப்ரிங்கை கேஸ் கட்டர் வச்சு வெட்டி, அடியில ஒரு தட்டு வெல்ட் பண்ணி மாட்டின வண்டி எங்க லிஃப்ட்ல ஏறியிருக்கு. பாத்ததும் பயமா இருந்துச்சு. சூடு பட்ட இடத்துல ஸ்ப்ரிங் ஸ்டீலோட பதம் போயிடும், வெட்டின முனை சீட்ல சரியா உக்காராது, 100ல போகும்போது அது ஒடிஞ்சா டயரைக் கிழிக்கும். உள்ள குழந்தைங்க இருக்காங்க சார், இதுல காசு மிச்சம் பண்ணாதீங்க. பழைய ஏர் ஸ்ட்ரட்டை வேற வண்டில இருந்து கழட்டி மாட்டறதும் அப்படித்தான், அந்த ரப்பருக்கும் அதே வயசுதானே. செகண்ட் ஹேண்ட் ஸ்ட்ரட்டுக்கு குடுக்கற காசுக்கு பெல்லோ மட்டும் புதுசா மாத்தி ரீபில்ட் பண்ண முடியுதான்னு கேட்டுப் பாருங்க, டேம்பர் நல்லா இருந்தா அது நல்ல வழி, பல பேருக்கு காயில் பேச்சே தேவைப்படாம போயிடுது.

மாட்டும்போது நீங்க பக்கத்துல இருந்தா ஒண்ணே ஒண்ணு கவனிங்க. லோயர் ஆர்ம் போல்ட்டை வண்டி லிஃப்ட்ல தொங்கும்போதே கடைசி டைட் வச்சுட்டா, கீழ இறக்கினதும் ரப்பர் புஷ் முறுக்கிக்கிட்டே நிக்கும், கொஞ்ச மாசத்துல கிழிஞ்சு டக் டக்னு சத்தம் வரும், அப்புறம் ஸ்ப்ரிங்தான் சரியில்லைன்னு பழி போடுவாங்க. எடை சக்கரத்து மேல இருக்கும்போதுதான் டார்க் ரெஞ்ச் வச்சு முடிக்கணும். உயரம் மாறினா கேம்பர் (சக்கரம் சாஞ்சு நிக்கற கோணம்), டோ (சக்கரம் உள்ளயோ வெளியயோ திரும்பி நிக்கற கோணம்) ரெண்டும் மாறும், அதனால வீல் அலைன்மென்ட் கட்டாயம், அதுக்கப்புறம் ஹெட்லைட் லெவலும் செக் பண்ணணும்.

பேப்பர் விஷயமும் இருக்கு. மோட்டார் வாகனச் சட்டம் 1988ல பிரிவு 52, கம்பெனி குறிப்பிட்டதுக்கு மாறா, ஆர்சி விவரத்தோட ஒத்துப்போகாத மாதிரி வண்டியை மாத்தக்கூடாதுன்னு சொல்லுது, அதனால வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே ஆர்டிஓ ஆபீஸ்ல ஒரு வார்த்தை கேட்டுக்கங்க, இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்துல தெரியப்படுத்துங்க, விபத்து நடந்து சர்வேயர் வந்து பாக்கும்போது சொல்றது லேட். மாத்தின பார்ட் நம்பர் எல்லாம் போட்ட பில்லு, அலைன்மென்ட் பிரின்ட் அவுட், கோடிங்குக்கு முன்னாடி பின்னாடி எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட், மூணையும் வாங்கி ஒரே ஃபைல்ல வைங்க, வண்டியை விக்கும்போது வாங்கறவர்கிட்ட அந்த ஃபைலைக் குடுத்து காயில் மாத்தியிருக்குன்னு சொல்லிடுங்க. புது ஸ்ப்ரிங் கொஞ்சம் அமுங்கி செட் ஆகும், அதனால ஒரு 1000 கிலோமீட்டர் ஓட்டினதும் அதே டேப்பை எடுத்து நாலு மூலையும் திரும்ப அளங்க, இடது வலது வித்தியாசம் தெரிஞ்சா அன்னிக்கே வண்டியைக் கொண்டு வாங்க.