நதான்ஸில் குண்டு, தானா ராத்தாவில் வடிதாள்

"ஈரான்ல குண்டு போட்டாங்களே, அந்த விஷக் காத்து நம்ம மலைக்கு வந்து தேயிலையில படியாதா சார்?" 2025 ஜூனில் மலேசியாவின் கேமரன் மலை, தானா ராத்தா வாசகி ஒருவர் கேட்டிருந்தார். கூடவே வாட்ஸ்அப்பில் சுற்றிய ஒரு செய்தியும் வந்தது: மழையில் நனையாதீர்கள், துணியை வெளியே காயப்போடாதீர்கள், அயோடின் உப்பைக் கூடுதலாகச் சேருங்கள்.

உப்பை முதலில் முடித்துவிடுவோம். அணு உலைக்குள் அணு பிளக்கும்போது அயோடின்-131 என்ற கதிரியக்கப் பொருள் உண்டாகும். அது தைராய்டில் சேராமல் தடுக்கத்தான் பொட்டாசியம் அயோடைடு மாத்திரை. அப்போது ஈரானில் இஸ்ரேலும் அமெரிக்காவும் குண்டு போட்ட நதான்ஸும் ஃபோர்டோவும் உலைகள் அல்ல, யுரேனியம் செறிவூட்டும் ஆலைகள்; அதாவது அணுவைப் பிளக்காமல், யுரேனியம்-235இன் பங்கை மட்டும் கூட்டும் இடங்கள். அங்கே அயோடின்-131க்கு வேலையே இல்லை. சமையல் உப்பை எவ்வளவு அள்ளிப் போட்டாலும் மாத்திரைக்கு ஈடாகாது. இரத்த அழுத்தம்தான் ஏறும்.

செறிவூட்டும் ஆலையில் இருப்பது யுரேனியம் ஹெக்ஸாபுளோரைடு. காற்றின் ஈரம் பட்டதும் ஹைட்ரஜன் புளோரைடாகவும் யுரேனைல் புளோரைடுத் தூளாகவும் மாறும். முன்னது நுரையீரலை அரிக்கும். பின்னது கனமானது, பெரும்பாலும் பக்கத்திலேயே படிந்துவிடும். யுரேனியம்-235இன் அரை ஆயுள், அதாவது பாதி சிதைய ஆகும் காலம், 70 கோடி ஆண்டு, அயோடின்-131க்கு வெறும் 8 நாள். அணுக்கு அணு கணக்குப் போட்டால் அயோடின் சுமார் 3,000 கோடி மடங்கு வேகமாகச் சிதைந்து கதிரை வீசுகிறது. ஆகவே, நதான்ஸ் ஆலைக்குள் கதிரியக்க மாசும் வேதி மாசும் உண்டு, வெளியே கதிர்வீச்சு கூடவில்லை என்று சர்வதேச அணுசக்தி முகமையின் தலைவர் ரஃபேல் குரோசி சொன்னதில் முரண் எதுவும் இல்லை. அவர் நிஜமாகவே பயந்தது ஈரானின் புஷேர் அணுமின் உலையை நினைத்து. அதன்மேல் குண்டு விழுந்திருந்தால் கதையே வேறு.

சரி, அப்படி ஏதாவது நம் பக்கக் காற்றில் வந்தால் யார் பார்ப்பது? இங்கேதான் எனக்கு உற்சாகம். அணு ஆயுதச் சோதனைத் தடை ஒப்பந்தத்துக்காக உலகெங்கும் 80 காற்றுக் கண்காணிப்பு நிலையங்கள் திட்டமிடப்பட்டன. அவற்றில் ஆர்என்-42 என்ற நிலையம் இருப்பது இதே தானா ராத்தாவில்!

அங்கே ஓர் உறிஞ்சி மணிக்குக் குறைந்தது 500 கன மீட்டர் காற்றை இழுத்து, 24 மணி நேரம் வடிதாள் வழியே செலுத்தும். தாளை எடுத்த கையோடு அளந்துவிட முடியாது, ஏனென்றால் அதில் முதலில் ஒட்டியிருப்பது நம் மலையின் சொந்தக் கதிரியக்கம். தித்திவங்சா மலைத்தொடரின் கருங்கல்லில் யுரேனியமும் தோரியமும் இயற்கையாகவே உண்டு. அவற்றிலிருந்து கசியும் ரேடான் வாயு சிதைந்து, அதன் வாரிசுகள் தூசியில் ஒட்டிக்கொள்ளும். அதில் பிடிவாதக்காரன் ஈயம்-212, அரை ஆயுள் 10.6 மணி. அதனால் தாளை அழுத்தி வில்லையாக்கி ஒரு நாள் சும்மா வைத்திருப்பார்கள். ஈயம் ஐந்தில் ஒரு பங்காகக் குறையும், மற்ற குறுகிய ஆயுள்காரர்கள் அநேகமாகக் காணாமல் போயிருப்பார்கள். இரைச்சல் அடங்கிய பிறகு, கதிர்களின் ஆற்றலை அளக்கும், கடுங்குளிரில் வைத்த ஜெர்மானியம் படிகத்தின் முன்னே இன்னொரு நாள். சீசியம்-137 என்றால் வரைபடத்தில் 662 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் (ஆற்றலின் அலகு) இடத்தில் கூர்முனை எழும், அயோடின்-131 என்றால் 364இல். 478இல் எப்போதும் ஒன்று நிற்கும். அது விண்கதிர்கள் வானத்தில் உண்டாக்கும் பெரிலியம்-7, பயப்பட ஒன்றுமில்லை. 2011இல் ஃபுகுஷிமா உலையிலிருந்து கிளம்பிய துகள்களை ஏப்ரலில் மலேசிய நிலையமும் பிடித்தது, உடலுக்குத் தீங்கு செய்யாத மிக நுண்ணிய அளவில்.

இந்த அளவீடுகள் வியன்னாவில் உள்ள ஒப்பந்த அமைப்புக்குப் போய், அங்கிருந்து பெரும்பாலும் உறுப்பு நாடுகளுக்கே கிடைக்கின்றன. என்னைக் கேட்டால், தானா ராத்தா வடிதாளின் முடிவைத் தினமும் மலாயிலும் தமிழிலும் ஒரு வரியில் போடலாம். அந்த உப்புச் செய்தி பாதியிலேயே நின்றிருக்கும். அறிவியலுக்குக் காசு ஒதுக்கும்போது கருவிக்கு மட்டும் ஒதுக்கி, அதை மக்களுக்குச் சொல்ல ஒரு ஆளைப் போடாமல் விடுவது கஞ்சத்தனம்.

உலக நாடுகளின் எதிர்வினையோ அளவீட்டைப்போல் தெளிவாக இல்லை. 1981இல் ஈராக்கின் ஓசிராக் உலையை இஸ்ரேல் தாக்கியபோது ஐ.நா. பாதுகாப்பு மன்றம் 12 நாளில் ஒருமனதாகத் தீர்மானம் 487ஐ நிறைவேற்றிக் கண்டித்தது. 2025 ஜூனில் மன்றம் பலமுறை கூடியது, தீர்மானம் பிறக்கவில்லை. மலேசியா உட்படப் பல நாடுகள் கண்டித்தன. போர் விதிகளைச் சொல்லும் 1977இன் ஜெனீவா முதல் கூடுதல் நெறிமுறை, பிரிவு 56, அணு மின் நிலையங்களுக்குச் சிறப்புப் பாதுகாப்புத் தருகிறது; செறிவூட்டும் ஆலைகளைப் பெயர் சொல்லிச் சேர்க்கவில்லை.

ஜூலை 2 அன்று ஈரான் சர்வதேச அணுசக்தி முகமையுடனான ஒத்துழைப்பை நிறுத்தும் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது, ஆய்வாளர்கள் வெளியேறினார்கள். 60 விழுக்காடு செறிவூட்டிய யுரேனியம் 400 கிலோவுக்கு மேல் எங்கே இருக்கிறது என்று நேரில் போய்ச் சரிபார்க்க ஆளில்லாமல் போனது. மூடிய உருளைக்குள் இருப்பது காற்றில் வராது. அதற்கு எந்த மலையில் வடிதாள் வைத்தும் பயனில்லை. முத்திரையைத் தொட்டுப் பார்த்து எண்ணுகிற மனிதர்தான் உள்ளே போக வேண்டும்.