அலை அரித்துவைத்த கருமணல்

மாரிக்கால வாடை ஓய்ந்த கையோடு திருகோணமலை மாவட்டத்துப் புல்மோட்டைக் கரைக்குப் போய் ஒரு பிடி மணல் அள்ளிப் பாருங்கள். சாதாரண மணலைவிடக் கை கனக்கும். கறுப்பாக மின்னுவது இல்மனைற். இரும்பும் டைட்டேனியமும் சேர்ந்த கனியம். செம்பழுப்பு மணி றூட்டைல், கண்ணாடிபோல் தெரிவது சேர்க்கன். தேன்நிறத்தில் அரிதாகத் தட்டுப்படுவது மொனசைற். நூற்றுக்கு ஒரு பங்குகூட வராத அந்த மணிக்குள்தான் தோரியம் என்ற கதிரியக்க உலோகம் குடியிருக்கிறது.

உள்நாட்டுப் பாறையில் ஒரு தொன்னுக்குச் சில கிராம் என்று சிதறிக்கிடக்கும் தோரியம் இங்கே எப்படிக் குவிந்தது? அரிக்கன் சட்டியில் அரிசி அரிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். சட்டியை ஆட்டி ஆட்டிச் சரிக்க, அரிசி தண்ணீரோடு போகும்; கற்கள் சட்டியின் உள்வரிகளில் தங்கிவிடும். கடலும் அதையே செய்கிறது. பாறை உக்கி உதிர்ந்த மணிகளை ஆறுகள் கடலில் சேர்க்கின்றன. ஏறிவரும் அலை எல்லாவற்றையும் கரையில் எறிகிறது. திரும்பும் நீருக்கு அவ்வளவு வலு இல்லை. தண்ணீரைவிட 2.65 மடங்கு அடர்த்தியான வெண்மணலை அது இழுத்துப்போகும், 4.7 மடங்கான இல்மனைற்றும் 5 மடங்கான மொனசைற்றும் கரையில் தங்கிவிடும். ஒவ்வொரு வாடைக்கும் இந்த அரிப்பு நடக்கிறது.

தோரியத்தின் அரைவாழ்வுக் காலம், அதாவது அதன் அணுக்களில் பாதி உடைந்துபோக எடுக்கும் காலம், சுமார் 1,400 கோடி ஆண்டு. அணு ஒன்று உடையத் தொடங்கினால் கதிர்வீச்சாக 6 அல்பாத் துகள்களையும் 4 பீற்றாத் துகள்களையும் உமிழ்ந்து, இடையில் ஒரு வாயுவாகவும் மாறி, கடைசியில் ஈயமாக அடங்கும். கதிரியக்கமும் ஈயம் என்ற பார உலோகமும் ஒரே மணிக்குள் சந்திப்பது இப்படித்தான். அந்த ஈயம் பெரும்பாலும் பளிங்குக்குள் பூட்டுண்டு கிடக்கும். மொனசைற் தண்ணீரில் இலேசில் கரையாது. வளவில் உடைத்துப் போட்ட பழைய பற்றறியின் ஈயம்தான் கிணற்றுக்கு ஆபத்து. எனக்குக் கூடிய கவலை அதுதான்.

கரையில் நடப்பதற்குப் பயம் வேண்டாம். அல்பாத் துகளைத் தோலே மறித்துவிடும். கூடவே வெளிவரும் காமாக் கதிர் உடலை ஊடுருவும்தான். ஆனால் சிறிது நேரம் நின்று போகிறவருக்கு அது மிகக் குறைவு. தூசு வேறு கதை. காய்ந்த கருமணலைச் சலிக்கும்போது எழும் பொடி நுரையீரலில் தங்கினால், தோல் தடுத்த அதே அல்பாத் துகள் உள்ளேயிருந்து திசுவைச் சுடும். மணலோடு வேலை செய்கிறவருக்கு நல்ல முகக்கவசம் கட்டாயம் வேண்டும். வீட்டு நிலத்துக்கு இந்த மணலைக் கொட்டி நிரப்பவும் கூடாது. தோரியம் உடையும்போது வரும் அந்த வாயுவும் காமாக் கதிரும் அறைக்குள் நாளெல்லாம் இருக்கும், பிள்ளைகள் பாய் போட்டுப் படுப்பதும் அந்த நிலத்தில்தான்.