அப்ரண்டிஸ் பயிற்சியா, வெறும் வேலையா? முதலில் ஒப்பந்த எண்ணைக் கேளுங்கள்

பிட்டர் பயிற்சி என்று சேர்ந்த ஒரு பையன் எட்டு மாதம் பேக்கிங் பிரிவில் அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டினான். கையில் மைக்ரோமீட்டரைக் கொடுத்தால் எப்படிப் பிடிப்பது என்று விழித்தான். அவனுடைய அடையாள அட்டையில் ‘டிரெய்னி’ என்று மட்டும் இருந்தது. அரசு இணையதளத்தில் தேடினோம். அவன் பெயரே இல்லை.

1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் (அப்ரண்டிஸ்) சட்டப்படி, 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் மொத்த ஆள்பலத்தில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ்களைச் சேர்த்தாக வேண்டும். பின்னணி இவ்வளவு போதும்.

டிரெய்னி, லேர்னர் என்று எந்தப் பெயரில் அழைத்தாலும் அதற்கு மதிப்பில்லை. அரசுத் தளத்தில் பதிவான ஒப்பந்தம் இருந்தால்தான் நீங்கள் அப்ரண்டிஸ். “அடுத்த வாரம் பதிவு செய்கிறோம்” என்பார்கள். அந்த வாரம் ஆறு மாதம் ஆனதைப் பார்த்திருக்கிறேன். சேர்ந்த உடனே ஒப்பந்த எண்ணை வாங்கி, உங்கள் செல்போனிலேயே தளத்தைத் திறந்து சரிபாருங்கள். எந்தத் தொழிற்பிரிவு என்று எழுதியிருக்கிறது என்பதையும் படியுங்கள்.

பட்டம், டிப்ளமா முடித்தவர்களுக்கான நாட்ஸ் (தேசியத் தொழிற்பழகுநர் பயிற்சித் திட்டம்) என்ற அரசுத் திட்டத்தில் ஒரு பொறி உண்டு. ஓராண்டோ அதற்கு மேலோ வேலை பார்த்தவரும், ஏற்கெனவே அப்ரண்டிஸ் பயிற்சி எடுத்தவரும் சேர முடியாது. ஆகவே உதவாத பயிற்சி ஒன்றில் அவசரப்பட்டுக் கையெழுத்திட்டால் அந்த வாய்ப்பு அத்துடன் போயிற்று.

உதவித்தொகையில் 25 சதவீதம், மாதம் அதிகபட்சம் 1,500 ரூபாய், நாப்ஸ் (தேசியத் தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டம்) என்ற இன்னொரு திட்டத்தில் அரசின் பங்காக நேரே உங்கள் கணக்குக்கு வரும். வராவிட்டால் நிறுவனம் வங்கியைக் காட்டும். வங்கியோ, “ஆதார் இணைத்தாயிற்று” என்று அனுப்பிவிடும். இணைப்பு வேறு, சீடிங் வேறு. அரசுப் பணம் எந்த வங்கிக்குப் போக வேண்டும் என்று என்பிசிஐ என்ற தேசியப் பணப் பரிவர்த்தனை அமைப்பிடம் உங்கள் ஆதாரைப் பதிவு செய்வதுதான் சீடிங். கடைசியாக எந்தக் கணக்கை சீடிங் செய்தீர்களோ அங்கேதான் பணம் போகும், நீங்கள் மறந்துபோன பழைய கணக்காக இருந்தாலும். “என்பிசிஐ மேப்பிங் எந்த வங்கியில் இருக்கிறது?” என்று இந்தச் சொற்களாலேயே கேளுங்கள், வேறு எப்படிக் கேட்டாலும் பாஸ்புக்கைத்தான் புரட்டுவார்கள்.

பீஸ் ரேட்டில், அதாவது செய்த எண்ணிக்கைக்கு ஏற்ப, கூலி தருவதைச் சட்டம் தடுக்கிறது. பயிற்சிக்குத் தொடர்பில்லாத வேலை வாங்கினால் நிறுவனத்துக்கு அபராதம். ஓவர்டைம் என்றால் தொழிற்பழகுநர் ஆலோசகர் என்ற அரசு அதிகாரியின் ஒப்புதல் வேண்டும். பயிற்சியில் காயம்பட்டால் இழப்பீடு நிறுவனத்தின் பொறுப்பு. ஆனால் பயிற்சி முடிந்ததும் வேலை தந்தே தீர வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை, வாய்வார்த்தையை நம்பாதீர்கள். இன்னொன்று: சட்டப்படியான அப்ரண்டிஸுக்கு பி.எஃப். பிடித்தம் கிடையாது. பிடிக்கிறார்கள் என்றால் உங்களைத் தொழிலாளியாகத்தான் வைத்திருக்கிறார்கள். அப்படியானால் சம்பளமும் தொழிலாளியின் சம்பளமாக இருக்க வேண்டும்.

புகார் கொடுக்கப் போனால் அலைக்கழிப்பு நிச்சயம். ஐ.டி.ஐ. படித்தவரைத் தரமணி வாரியத்துக்கும், டிப்ளமாக்காரரை மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்துக்கும் மாற்றித் தள்ளிவிடுவார்கள். பார்க்க வேண்டியது ஒப்பந்தத்தை: அது நாப்ஸில் பதிவாகியிருந்தால் மாவட்ட அலுவலகம். நாட்ஸில் என்றால் சென்னை தரமணியில் உள்ள தென்மண்டலத் தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம். ஒப்பந்த நகலை மேசை மீது வைத்துவிட்டுப் பேசுங்கள். என்னென்ன வேலை கொடுத்தார்கள் என்று தேதி போட்டு எழுதிய நோட்டும் கூடவே இருக்கட்டும். அந்தப் பையனிடம் அது இல்லை. மனுவின் நகலில் முத்திரையும் தேதியும் விழும்வரை அங்கிருந்து எழுந்திருக்காதீர்கள்.