பரணிலிருந்து இறக்கிய கிராமபோனுக்கு உடனே சாவி கொடுக்காதீர்கள்

வீட்டை இடித்துக் கட்டும்போதோ பாகம் பிரிக்கும்போதோதான் தாத்தா காலத்துக் கிராமபோன் பரணைவிட்டு இறங்குகிறது. தூசியைத் தட்டி, சாவி கொடுத்து, கூடவே கிடந்த இசைத்தட்டை ஓடவிட்டுப் பார்க்க எல்லோருக்கும் கை பரபரக்கும். மதுரையிலிருந்தும் காரைக்குடிப் பக்கத்திலிருந்தும் என்னிடம் பழுதுபார்க்க வரும் பெட்டிகளில், பரணில் கிடந்து கெட்டவற்றைவிட, இறக்கிய முதல் வாரத்தில் ஆசையோடு கைவைத்துக் கெடுத்தவையே அதிகம்.

பெட்டிக்குள் ஓர் உருளை, அதற்குள் சில மீட்டர் நீளமுள்ள எஃகுப் பட்டை சுருண்டிருக்கிறது. அந்த ஸ்பிரிங்தான் இயந்திரத்தின் உயிர். சுருள்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிப் போவதற்காகப் போட்ட கிரீஸ், காலப்போக்கில் கருத்து இறுகிப் பிசினாகிவிடும். அந்த நிலையில் சாவி கொடுத்தால் சுருள்கள் ஒட்டிக்கொண்டு நிற்கும். பிறகு திடீரென விடுபடும். பாட்டின் நடுவே உள்ளிருந்து ‘டம்’ என்று சத்தம் வந்தால் காரணம் இதுதான். அதற்குமேல் முறுக்கினால் பட்டை அறுந்துபோகலாம். கைப்பிடி எந்தத் தடையும் இல்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தால், பெரும்பாலும் அறுந்துவிட்டது என்றே பொருள்.

உருளையை மட்டும் வீட்டில் திறக்காதீர்கள். சாவி முழுக்க இறங்கிய பிறகும் ஸ்பிரிங் உள்ளே அழுந்தியே இருக்கும். மூடியைக் கழற்றியதும் கத்திபோல் வெளியே பாய்ந்து விரலையும் கண்ணையும் பதம்பார்த்துவிடும். கையுறையும் கண்ணாடியும் அணிந்து, பழகியவர் செய்ய வேண்டிய வேலை அது.

வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரில் மூன்று சிறு எடைகள் சுழலும். அதன் தாங்கிகளுக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். மார்கழிக் காலையில் உறையும், நாளடைவில் பிசுபிசுக்கும். வேகம் சரியா என்று பார்க்க, தட்டின் விளிம்புக்கு அடியில் ஒரு காகிதத் துண்டைச் செருகி எண்ணுங்கள்: நிமிடத்துக்கு 78 சுற்று.

ஒலி கரகரப்பாக வந்தால், ஊசியைப் பிடித்திருக்கும் வட்டமான தலைப்பகுதியான சவுண்ட் பாக்ஸைப் பாருங்கள். மைக்கா தகட்டை இருபுறமும் பிடித்திருக்கும் ரப்பர் வளையங்கள் கல்லாய் இறுகியிருக்கும். அவற்றை மாற்றினாலே குரல் தெளிந்துவிடும். மென்மையான வெள்ளை ரப்பர் குழாய் நல்லது. கிடைக்காவிட்டால் சைக்கிள் கடையில் கிடைக்கும் வால்வு டியூப் உதவும். பசை போட்டு ஒட்டினால் தகடு அதிராது. சில மாடல்களில் சவுண்ட் பாக்ஸின் பின்புறம் துத்தநாகக் கலவையில் வார்த்தது. அது வயதாக ஆக உப்பி விரிசல் விடும். அதைத் திருகிக் கழற்றப் பலம் காட்டினால் உடைந்து கையோடு வந்துவிடும்.

ஊசி விஷயத்தில்தான் எனக்கு மிகுந்த வருத்தம். அந்தக் காலத்துத் தட்டு அரக்கும் கல்தூளும் கலந்து செய்தது. எஃகு ஊசி பள்ளத்தின் வடிவத்துக்குத் தேயட்டும் என்றே அந்தத் தூளைக் கலந்தார்கள். ஏறத்தாழ மூன்று நிமிடப் பாட்டு முடிவதற்குள் ஊசியின் முனை மழுங்கிவிடும். அதே ஊசியை மறுபடி வைத்தால் அது உளியாகிப் பாட்டையே செதுக்கி எடுத்துவிடும். தட்டில் தெரியும் சாம்பல் நிறக் கோடுகள் அந்தக் காயம்தான். ஒரு பக்கத்துக்கு ஓர் ஊசி. இதில் சிக்கனம் கூடாது. மதுரையில் 1916-இல் பிறந்த எம்.எஸ். சுப்புலட்சுமியின் இளவயதுக் குரலும், 1933-இல் மறைந்த எஸ்.ஜி. கிட்டப்பாவின் குரலும் பதிவானது இப்படிப்பட்ட அரக்குத் தட்டுகளில்தான். உங்கள் வீட்டுத் தட்டு எவ்வளவு அரியது என்று தெரிவதற்குள் அதைத் தேய்த்துவிடாதீர்கள்.

வினைல் என்னும் பிளாஸ்டிக்கில் செய்த பிற்காலத்து எல்.பி. தட்டுகளை இதில் வைக்கவே கூடாது. நூறு கிராமுக்கும் மேல் எடையுள்ள சவுண்ட் பாக்ஸ் அந்த வினைல் பள்ளங்களை ஒரே ஓட்டத்தில் உழுதுவிடும்.

துடைப்பதற்கு ஸ்பிரிட்டையும் சானிடைசரையும் எடுப்பவர்கள் இப்போது அதிகம். அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். தட்டும் போகும், மரப்பெட்டியின் பழைய பாலிஷும் பெரும்பாலும் அரக்குதான் என்பதால் அதுவும் போகும். தட்டுக்குக் குளிர்ந்த நீர், ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம், மெல்லிய துணி போதும். நடுவிலுள்ள லேபிள் நனையாமல் கழுவி நிழலில் உலர்த்துங்கள். பெட்டியை உலர்ந்த துணியால் துடையுங்கள். மூடியிலுள்ள நாய்ப் படத்தைத் தேய்க்க வேண்டாம்.

திருமங்கலத்திலிருந்து வந்த ஒரு பெரியவர் கேட்டார்: “தம்பி, குழாய் எங்கேயோ தொலைந்துவிட்டது. புதிதாக ஒன்று வாங்கி மாட்டித் தருவீர்களா?” அவர் கொண்டுவந்தது சூட்கேஸ் வடிவப் பெட்டி. அதற்கு ஒலியைப் பெருக்கும் வெளிக்குழாய் என்றுமே இருந்ததில்லை; ஒலி உள்ளேயே வளைந்து வரும். “ஐயா, இதில் எதுவும் குறையவில்லை” என்று திறந்து காட்டினேன். நம் வீடுகளில் மிஞ்சியிருப்பவற்றில் இந்த வகை ஏராளம். பளபளக்கும் பித்தளைக் குழாயோடு ‘பழமை’ என்று விற்கப்படுபவை பல, புதிய பெட்டியில் பழைய மோட்டாரைப் பொருத்தியவை. வாங்கும் முன் அடிப்பக்கத்துத் திருகுகளையும் மரத்தின் உட்புறத்தையும் பாருங்கள். வெளியே நூறு வயதும் உள்ளே புது பிளைவுட்டும் இருந்தால் விட்டுவிடுங்கள்.

பாடி முடித்ததும் மிச்சச் சாவியை ஓடவிட்டு ஸ்பிரிங்கைத் தளர்த்தி வையுங்கள். தட்டுகளை நிமிர்த்தி அடுக்குங்கள். சித்திரை வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டால் அவை வளைந்துவிடும். பழுதுபார்க்கக் கொண்டுவரும்போது கழன்ற திருகு, உடைந்த ரப்பர், காலி ஊசி டப்பா எதையும் எறியாமல் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். அளவு தெரிய எனக்கு அவையும் வேண்டும்.